பழைய வேட்டி, நைந்த புடவை, கைக்குழந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டிலாவது குழந்தை வரப்போகிறது என்றால், ஏழாம் மாதம் வாக்கில் என் வீட்டு மணி அடிக்கும். கையில் ஒரு பை இருக்கும். உள்ளே மாமனார் வேட்டி இரண்டு, அம்மாவின் புடவை ஒன்று, எதற்கோ ஒரு ஜீன்ஸ். "அக்கா, இதில் என்னென்ன தைக்கலாம்?" நான் டெய்லர் இல்லை. அம்மாவின் கால்மிதி மிஷினில் தைத்துத் தைத்து, பலதைக் கெடுத்து, அப்புறம் கற்றுக்கொண்டவள். கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான் வருகின்றன, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

புதுசு வாங்க வசதி இருக்கிறதே, எதற்குப் பழைய துணி?

வசதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெய்யும்போது பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள், அதற்கு மேல் கடையில் மொடமொடவென்று நிற்க இன்னொரு பூச்சு ஏற்றுவார்கள். நூறு முறை துவைத்த வேட்டியில் அதெல்லாம் போன இடம் தெரியாது. சுருங்க வேண்டியது சுருங்கியாயிற்று, போக வேண்டிய சாயமும் போயாயிற்று. எங்கள் வீட்டில் பதினோராம் நாள் பெயர் வைத்துத் தொட்டிலில் போடும்வரை குழந்தை மேல் புதுத் துணி படக்கூடாது. கண்பட்டுவிடும் என்பது பாட்டி சொன்ன காரணம், எனக்கென்னவோ தோல்தான் காரணம் என்று படுகிறது.

ஆனால் ஒன்று. தேய்ந்ததால்தான் அந்தத் துணி மெத்தென்று இருக்கிறது, தேய்ந்ததால்தான் அதற்குப் பலமும் இல்லை. ஆகவே குழந்தையின் உடம்பில் படுவதற்குப் பழைய துணி, குழந்தையின் எடையைத் தாங்குவதற்கு வேண்டாம். கீழே இருக்கும் பதில்களில் பாதி இதை வைத்துத்தான்.

எதை எடுக்கலாம், எதை ஒதுக்கலாம்?

முதல் இடம் வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு. அடுத்தது காஞ்சி காட்டன், சுங்குடி மாதிரி மெல்லிய பருத்திப் புடவை. கண்டாங்கி கொஞ்சம் தடிமன், விரிப்புக்கு நன்றாக இருக்கும். யாரும் மதிக்காத இன்னொரு பொக்கிஷம் காட்டன் நைட்டி. தினமும் போட்டுத் துவைத்து, வெயிலில் காய்ந்து, மெழுகுபோல் ஆகியிருக்கும், அகலமும் தாராளம். பனியன் துணி டி-ஷர்ட் குல்லாவுக்கும், எச்சில் வடியாமல் கழுத்தில் கட்டும் பிப்புக்கும். தேங்காய்ப்பூத் துண்டு கிழிந்திருந்தால் தூக்கிப்போடாதீர்கள், ஈரம் உறிஞ்ச அதை விட்டால் வேறு எதுவும் இல்லை.

ஜரிகை வேண்டாம், எவ்வளவு மெல்லிய கரையாக இருந்தாலும் வெட்டி எடுத்துவிடுங்கள், குழந்தையின் கன்னத்தில் கோடு விழும். ஜார்ஜெட், சிந்தெடிக் வேண்டவே வேண்டாம். மாரத்தான் ஓடினால் தருகிற டி-ஷர்ட் பெரும்பாலும் பாலியஸ்டர், ஒரு சொட்டுத் தண்ணீரும் உறிஞ்சாது, அது வண்டி துடைக்கக்கூட லாயக்கில்லை. நெஞ்சில் ரப்பர்போல் படம் அச்சடித்திருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வெட்டுங்கள். வெடித்து உதிரும், உதிர்ந்தது நேராக வாய்க்குப் போகும்.

ஒரே துணியிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. புடவையில் கீழ்ப்பக்கம், ஃபால்ஸ் தைத்த இடம், கொசுவம், தோளில் பின் குத்திக் குத்தி ஓட்டையான இடம் எல்லாம் போயிருக்கும். இடுப்பில் செருகும் உள்முனை மட்டும் புதுசுபோலவே இருக்கும். வேட்டியில் உட்காரும் இடம் நைந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், மெலிந்த இடம் தானாகத் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் சர்ரென்று விடுகிறதா? சரி, அது துடைக்கும் துணிக்கு.

பருத்தியா, கலப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேபிள் எப்போதோ போய்விட்டது.

ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பட்டதும் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணிபோல் நிற்கும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தால் கலப்பு. இந்தக் காலத்து "காட்டன்" வேட்டி, புடவை பலவற்றில் இந்த மணி வருகிறது, பார்த்தால் வயிறு எரியும்.

இந்தச் சோதனையில் ஏமாற்றுவது ரேயான். அதுவும் காகிதம்போலவே எரியும். ஆனால் ரேயான் ஈரமானால் பலம் இழக்கும், அதனால் லங்கோட்டுக்கு, அதாவது குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிக்கு, சரிப்படாது. நனைத்த நூலை இழுத்துப் பாருங்கள், காய்ந்த நூலைவிட லேசாக அறுந்தால் ரேயான் என்று வைத்துக்கொள்ளலாம். பருத்தி ஈரத்தில் இன்னும் உறுதியாகும்.

புடவை பத்து வருடமாக பீரோவில் அந்துருண்டையோடு இருந்தது. துவைத்துவிட்டுத் தைக்கலாமா?

கைக்குழந்தைக்கு வேண்டாம். மற்ற எதற்கும் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் நான் இதற்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

அந்துருண்டை, பாச்சை உருண்டை, இங்கே மராட்டியில் டாம்பர் கோலி என்பார்கள், பழைய வகை எல்லாம் நாப்தலின். அதன் ஆவி துணியில் ஏறி உட்கார்ந்திருக்கும். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாப்தலின் ஏறிய துணியில் கிடந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை கடுமையாகும், சோகை வரும். மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் விஷயம் இது. நாம் வேறு குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து ஊறவைக்கிறோம், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அது இன்னும் சுலபமாக இறங்கும். ஒரு அலசலில் போகிற சமாசாரமும் இல்லை.

மனசு வரவில்லை என்றால் அந்தப் புடவையில் ஜன்னல் திரை தையுங்கள். இனிமேல் குழந்தைக்கென்று எடுத்துவைக்கும் துணிக்கு வேப்பிலை, வசம்பு போதும், அதையும் சின்ன முடிச்சாகக் கட்டி, எடுக்கும்போது துணியை உதறித் துவைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் எப்படித் துவைப்பது?

வெள்ளைப் பருத்தியைப் பெரிய பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கலர் துணியை வாஷிங் மிஷினில் 60 டிகிரியில். வெளியார் கொடுத்த துணி என்றால் சூடு கட்டாயம். சொறி சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பொதுவாகத் தாங்காது, 50 டிகிரியில் பத்து நிமிடம் இருந்தால் செத்துவிடும்.

கஞ்சி, நீலம், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் நூல்மேல் ஒரு படலம் கட்டும், அப்புறம் துணி ஈரத்தை உறிஞ்சாது, லங்கோடு கட்டி என்ன பிரயோசனம்? சாயம் போகிறதா என்று பார்க்க, வெள்ளைக் கர்ச்சீப்பை நனைத்துத் துணிமேல் வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். என் முதல் அனுபவத்தில் இதைச் செய்யாமல் ஒரு நீலக் குர்த்தாவில் பிப் தைத்தேன், குழந்தை அதைச் சப்பிச் சப்பி உதடெல்லாம் நீலமாகி, என் மாமியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடச் சொல்லிவிட்டார். மஞ்சள் கறைக்குப் பயப்பட வேண்டாம், ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

என்னிடம் மிஷின் இல்லை. கையால் தைத்தால் நிற்குமா?

நிற்கும். ஓரத்துக்கு ஓட்டுத் தையல், இழுபடும் இடத்துக்குப் பின்தையல், அவ்வளவுதான்.

மிஷின் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. வீட்டு மிஷினில் எப்போதும் 16-ஆம் நம்பர் ஊசி மாட்டியிருக்கும், அது நைந்த துணியில் ஓட்டை போடும். 11 மாட்டுங்கள், இரண்டு மூன்று மடிப்பு என்றால் 14. பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி தனியாகக் கிடைக்கும், சாதா ஊசியில் தைத்தால் கண்ணி விட்டுக் கோடு ஓடும். தையலை ரொம்ப நெருக்கமாகப் போடாதீர்கள், தபால்தலை ஓரம்போல் வரிசையாகத் துளை விழுந்து அங்கேயே கிழியும். இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணித் திருப்பி வையுங்கள். பத்து எடுத்து ஒன்பது திரும்பினால் பத்தாவது கிடைக்கும்வரை அந்தத் துணி அறையை விட்டுப் போகக்கூடாது.

பீக்கோ அடிக்கக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். இங்கே சந்துக்கு ஒரு பீக்கோ-ஃபால் கடை இருக்கிறது, வேலை சுலபம்தான். ஆனால் அந்த ஓரம் விறைப்பாகச் சுரண்டும், எனக்குப் பிடிக்காது.

ஒரு வேட்டியில் எத்தனை லங்கோடு வரும்?

எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். 60 செ.மீ. சதுரமாக எடுத்தால் நீளத்தில் ஆறு, அகலத்தில் இரண்டு, ஆக 12. நடுவில் நைந்த இடம் போக நிஜத்தில் எட்டு ஒன்பது கிடைக்கும். நாலு முழம் என்றால் அதில் பாதி. பச்சைக் குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நனைக்கும், அதனால் முப்பதாவது கையிருப்பில் வேண்டும். மழைக்காலத்துப் பிரசவம் என்றால் நாற்பது.

கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் இரண்டு கையாலும் கிழியுங்கள். நூல் போகிற போக்கில் நேராகக் கிழியும், அளவு கோணாது. கோணலாகப் பிய்ந்துகொண்டு போனால் துணி செத்துவிட்டது என்று அர்த்தம், அதை ஒதுக்குங்கள்.

நம் பாட்டிகள் ஓரம் அடிக்காமலேயே கட்டினார்கள். நான் அடிக்கிறேன், காரணம் பிசிறு. உருவி வந்த ஒற்றை நூலோ தலைமுடியோ குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நிற்கும், விரல் சிவந்து வீங்கும். சாக்ஸுக்குள் நடந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. குழந்தை காரணமே இல்லாமல் வீறிட்டு அழுதால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள் என்று அதனால்தான் சொல்கிறார்கள். ஓரத்தை ஒரு செ.மீ. இரண்டாக மடித்து ஒற்றைத் தையல், போதும்.

முக்கோணமாக மடித்து, முன்னால் முடிச்சு. ஊக்கு வேண்டாம்.

பிப் எப்படித் தைப்பது? கழுத்து வளைவு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

வளைவே இல்லாமல் தைக்கலாம். 30 செ.மீ. சதுரம் ஒன்றை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம், ஒவ்வொன்றிலும் நீளப் பக்கம் 42 செ.மீ. முன்னால் நைட்டித் துணி, பின்னால் தேங்காய்ப்பூத் துண்டு, நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து மூன்று பக்கமும் தைத்து, நாலு விரல் இடம் விட்டுத் திருப்பி, அந்த வாயையும் தைத்துவிடுங்கள். நீள முனைகள் இரண்டும் பின்கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்று வரும், அங்கே டிச் பட்டன். அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் வெல்க்ரோ, ஆனால் துவைக்கும்போது வெல்க்ரோ மற்ற துணியை எல்லாம் பிடித்து இழுக்கும், ஒட்டிவிட்டுத் துவையுங்கள். நாடா கட்டாதீர்கள். எதிலாவது மாட்டி இழுபட்டால் டிச் பட்டன் விட்டுக்கொடுக்கும், நாடா முடிச்சு இறுகும். தூங்கும்போது பிப்பைக் கழற்றிவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

வளைவு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் துணியை மூலைவாட்டில் நாலு செ.மீ. அகலப் பட்டியாக வெட்டி, கிராஸ் பட்டியாக வையுங்கள். நேர்ப் பட்டி வளையாது, சுருக்கம் விழும். உங்களுக்கு வராமல் போனது கையால் அல்ல, பட்டியால்.

டி-ஷர்ட்டில் குல்லா?

இருப்பதிலேயே சுலபமான வேலை இதுதான். டி-ஷர்ட்டின் அடி ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்திருக்கும், அதுவே குல்லாவின் வாய். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமாராக 35 செ.மீ., ஆறு மாதத்தில் 43 வாக்கில் வரும். பனியன் துணி இழுபடும் என்பதால் மூன்று செ.மீ. குறைத்துத் தைக்க வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்து, அடி ஓரத்திலிருந்து 18 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்துக்குக் கோயில் மணி மாதிரி வரைந்து வெட்டி, ஓரமாக ஒரு செ.மீ. விட்டுத் தையுங்கள், சுற்றளவு 32 வரும். தைக்கும்போது துணியை லேசாக இழுத்துப் பிடித்தால் மாட்டும்போது நூல் அறாது.

ஆனால் மும்பையில் எத்தனை நாள் குல்லா வேண்டும்? குளித்து முடித்ததும், ஏசி அறையில், வெளியே போகும்போது. வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போடாதீர்கள், தலை வழியாகவும்தான் அதற்குச் சூடு வெளியேறும். ஒன்று தையுங்கள், மிஞ்சினால் இரண்டு. டெல்லியில் இருக்கும் என் நாத்தனார் ஆறு கேட்டாள், அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கையுறை?

நகத்தை வெட்டிவிடுங்கள். கண்டிப்பாக வேண்டும் என்றால் தையல் வெளிப்பக்கம் வரும்படி தையுங்கள். நூல் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆயி (மராட்டியில் அம்மா) கோதடி தைக்கச் சொல்கிறார். குழந்தைக்கு நல்லதா?

கோதடி என்பது மராட்டிக்காரர்களின் பழம்புடவைப் போர்வை. பழைய புடவைகளை அடுக்கடுக்காக விரித்து, மேலிருந்து கீழ்வரை ஓட்டுத் தையலால் பிடிப்பார்கள். அவர்களுடைய ஒன்பது கஜமும் நம் மடிசார் ஒன்பது கஜமும் ஒரே நீளம், எட்டு மீட்டருக்கு மேல், அதனால் ஒரு புடவையிலேயே குழந்தைக்குரிய ஒன்று முழுசாக முடிந்துவிடும். நான் மராட்டி ஓரளவு பேசக் கற்றதே இந்த ஆயிகளோடு பால்கனியில் உட்கார்ந்து கோதடி போட்டபோதுதான். பெங்காலிகள் இதையே காந்தா என்கிறார்கள், ஊசி என்னவோ ஒன்றுதான்.

தைக்கும் விதம்: 90 செ.மீ. சதுரமாக மூன்று அடுக்கு, நாலு வேண்டாம். மேலும் கீழும் நல்ல பகுதி, நடுவில் நைந்தது. தரையில் விரித்து நாலு மூலையிலும் சாமானை வைத்து, பெரிய பெரிய தையலாக முதலில் கச்சா போட்டுப் பிடித்துவிட்டு, வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி. நடுவில் நைந்த துணி இருந்தாலும் அது தாங்கும், ஏனென்றால் பாரம் ஒரு நூலில் விழாமல் நூறு தையலில் பிரிந்துபோகும். ஒரு கோதடி எனக்குப் பதினைந்து மத்தியானம் பிடிக்கும்.

பயன்படுத்துவது தரை விரிப்பாக. கவிழ்ந்து படுத்துக் கழுத்து தூக்கப் பழகும்போது, எண்ணெய் தேய்க்கும்போது, டயப்பர் மாற்றும்போது. தூங்கும் குழந்தைமேல் போர்த்த வேண்டாம், ஒரு வயதுக்குள் தளர்வான போர்வை முகத்தில் ஏறினால் அதற்குத் தள்ளத் தெரியாது. ஆயியிடம் இதைச் சொன்னால் "எங்கள் வீட்டில் எட்டுப் பேர் இப்படித்தான் வளர்ந்தோம்" என்பார். சிரித்துக்கொண்டே தரையில் விரித்துவிடுங்கள்.

தலையணை, தொட்டிலைச் சுற்றி மெத்தைத் தடுப்பு?

தைக்க மாட்டேன். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை, இலவம்பஞ்சுத் தலையணை கேட்டு வருகிறார்கள், நானும் மூத்தவனுக்கு வைத்தவள்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதல் வயது முடியும்வரை படுக்கையில் தலையணையோ மெத்தென்ற வேறு எதுவுமோ கூடாது என்கிறது, மெத்தைத் தடுப்பு விற்பதையே அந்த நாட்டில் 2022-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மூச்சு விஷயம். தலை தட்டையாகிறது என்றால் விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில், கவிழ்த்துப் போடுங்கள்.

பழைய புடவையில் தூளி கட்டலாமா?

முதல் பதிலில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. தூளியில் முழு எடையும் இரண்டு முனைகளில் தொங்குகிறது, ஆட்டும்போது இன்னும் கூடுகிறது. நைந்த புடவைக்கு அந்தத் தெம்பு கிடையாது. தூளி கட்டத்தான் வேண்டும் என்றால் அதற்கு மட்டும் புதுசாகக் கெட்டிப் பருத்திப் புடவை வாங்குங்கள், பழைய வேட்டியை உள்ளே விரிப்பாகப் போடுங்கள். இங்கே ஃபிளாட்டில் உத்தரமும் இல்லை, கொக்கியும் இல்லை, கதவு நிலையில் ஸ்பிரிங் மாட்டிக் கட்டுகிறார்கள், அந்த ஸ்பிரிங் கொக்கியில் ஒருமுறை நீங்களே தொங்கிப் பாருங்கள். தாடை நெஞ்சில் ஒட்டும்படி குழந்தை மடங்கிக் கிடக்கக்கூடாது. தனியாக விட்டுவிட்டுச் சமைக்கப் போகாதீர்கள். வளர்ந்த பிள்ளைகள் தொங்கும் புடவையில் முறுக்கி விளையாடுவதைத் துளியும் அனுமதிக்காதீர்கள், கழுத்தில் சுற்றி உயிர் போயிருக்கிறது.

ஜீன்ஸை என்ன செய்வது? எல்லாரும் பூட்டீஸ் தைக்கிறார்கள்.

போட்டோவுக்கு அழகு. நடக்காத குழந்தைக்கு அவ்வளவு விறைப்பான துணி எதற்கு? ஜீன்ஸில் குழந்தைக்கு இல்லை, உங்களுக்குத் தையுங்கள்: லோக்கல் ரயிலில் கொண்டுபோகும் பை. இரண்டு கால் குழாயையும் பிரித்துச் சேர்த்தால் உடல், இடுப்புப் பட்டி அப்படியே தோள் பட்டை, பின் பாக்கெட்டுகள் பால் பாட்டிலுக்கும் செல்லுக்கும். உள்ளே, நனைந்த லங்கோட்டுக்கு, உடைந்த குடையின் துணியில் ஒரு பை. ஜூலையில் மும்பைத் தெருவில் உடைந்த குடைக்கா பஞ்சம்? கம்பியிலிருந்து பிரித்து, எட்டு முக்கோணத்தில் நாலைச் சேர்த்தால் போதும். அது குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது, காற்றுப் போகாத துணி.

பட்டன், மணி, லேஸ் வைத்து அழகாக்கலாமா?

மூன்று வயதுக்குள் வேண்டாம். பொம்மைத் தரவிதிகளில் ஒரு குழாய் அளவு வைத்திருக்கிறார்கள், குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கும் என்று கணக்கு. சட்டைப் பட்டன் எல்லாமே அதில் அடங்கும். பொம்மைக்குக் கண் வேண்டுமா, நூலால் பின்னுங்கள். பழைய நூல்துணியில் தைத்த பட்டன் நூலோடு வராது, துணியையே பிய்த்துக்கொண்டு வரும், எவ்வளவு கெட்டியாகத் தைத்தாலும் பிரயோசனமில்லை.

நாடாவும் அப்படித்தான். ஐரோப்பாவில் ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் உடையில் கழுத்திலும் தலைத்துணியிலும் இழுகயிறே கூடாது, நிப்பிள் மாட்டும் பட்டை 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. நம் ஜப்லாவின் முதுகு நாடாவைக் குட்டையாக வைத்து, துணியோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். பூலேஷ்வர் போனால் லேஸைப் பார்த்துக் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். வாங்கி உங்கள் பிளவுஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எதுவும் காயவில்லை, பூஞ்சை வாடை வருகிறது.

தைக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். நாலு அடுக்கை ஒன்றாகத் தைத்த நாப்பி மழையில் மூன்று நாள் ஆனாலும் நடுவில் ஈரம். அதற்குப் பதில் மெல்லிய ஒற்றைத் துணியாகத் தைத்து, கட்டும்போது மடியுங்கள், விரித்துப் போட்டால் ஃபேன் காற்றில் ராத்திரிக்குள் காயும். பழைய வேட்டி கடையில் விற்கும் தடிமன் நாப்பியை ஜெயிப்பது இந்த இடத்தில்தான். கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் குழந்தைக்கு வேண்டாம், தரை துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் வேட்டியில் தைக்கலாமா?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். துணியைப் பொறுத்தவரை ஒரு தடையும் இல்லை, கொதிக்கவைத்த வேட்டி வேட்டிதான். நோயோடு படுக்கையில் கட்டியிருந்ததை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றபடி முடிவு குழந்தையின் அம்மாவுடையது. சில வீடுகளில் இறந்தவர் துணியைக் கொடுத்துவிடுவதே வழக்கம், அவளுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வாதம் பண்ணாதீர்கள். இரண்டாம் மாடியில் ஒரு பெண் அப்பாவின் வேட்டியை எடுத்து வந்தாள், லங்கோடு மட்டும் வேண்டாம் அக்கா என்றாள். சரி என்று தலை துவட்டும் துண்டும், தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கும் துணி ஐந்தும் தைத்தோம், 50-க்கு 25 செ.மீ., இரண்டு மடிப்பு. பச்சைக் கரையை வெட்டாமல் ஓரத்தில் விட்டுவைத்தோம், ஜரிகை இல்லாத கரைதான்.

நன்றாக வருகிறது, விற்கலாமா?

பிப், விரிப்பு, பை என்றால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், பழைய துணி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பொம்மைக்கு மட்டும் கதை வேறு. 2020-இல் வந்த பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், துணிப் பொம்மையும் அதில் சேர்த்தி. மத்திய கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. என்னைக் கேட்டால் விற்க ஆரம்பித்தால் பழைய துணியை விட்டுவிட்டு, தாராவித் தையல் கூடங்களில் கிலோக் கணக்கில் போடும் வெட்டுத்துண்டுக்கு மாறுங்கள். ஒரே மாதிரி நாலு வேண்டும் என்று ஒருவர் கேட்டால் உங்கள் மாமனாரிடம் அத்தனை வேட்டி இருக்காது.

மிச்சத் துண்டுகள்?

உள்ளங்கை அளவு என்றால் ஓரம் அடித்துத் துடைக்கும் துணி, வெந்நீரில் நனைத்துப் பயன்படுத்தினால் கடையில் வாங்கும் ஈரக் காகிதம் தேவையில்லை. அதைவிடச் சின்னது என்றால் பொடியாக நறுக்கி ஆறு துண்டு சேர்த்த துணிப் பந்துக்குள் அடையுங்கள், தையலை இரண்டு முறை ஓட்டி.

ஒன்று மட்டும். பழைய துணிக்குப் பாத்திரம் தரும் அம்மா மாதம் ஒருமுறை எங்கள் கட்டட வாசலில் கூடையோடு வந்து உட்காருவார். நடுவில் சதுரம் சதுரமாகக் கிழித்த வேட்டியைக் கொண்டுபோனால் ஒரு டம்ளர்கூடத் தரமாட்டார், திட்டு மட்டும் கிடைக்கும். ஆகவே எதைக் கிழிப்பது, எதை அவரிடம் போட்டு இட்லிப் பானை வாங்குவது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.